டாஷ்போட்டில் ஒட்டிய அலங்காரப் பட்டைகளைச் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி

மரநிறப் பட்டை, கார்பன் ஸ்டிக்கர், ஏசி காற்று வரும் வாயைச் சுற்றிய குரோம் வளையம் என்று டாஷ்போட்டில் பிறகு ஒட்டியவற்றைக் கழற்றும்போது பெரும்பாலும் வீணாவது அதற்குக் கீழே இருக்கும் டாஷ்போட்தான். ஓரத்தில் ஸ்குறூ டிரைவரைச் செருகி நெம்புவார்கள். பட்டை மேலே வரும். கூடவே பெயின்டும் ஒரு துண்டு உரிந்து வரும், நெம்பிய இடத்தில் அழியாத பள்ளமும் விழும்.

இந்தப் பட்டைகளை ஒட்டப் பாவிக்கும், இரு பக்கமும் பசையுள்ள டபிள் ரேப் என்பது முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் மேலே இழுப்பதைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அந்தப் பலத்தோடு மல்லுக்கட்டினால் ரேப் விடுவதற்கு முன்பே பெயின்ட் விட்டுவிடும். அதே ரேப்பைச் சூடாக்கினால் இளகும். நடுவால் ஒரு நூலை ஓட்டினால் அறுபடும். ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். ஆகவே இழுக்காதீர்கள், அறுங்கள்.

ஒட்டியதா, கிளிப் போட்டதா?

யப்பானிலிருந்து வந்த பிரிமியோ, அலியன் போன்ற கார்களில் மரநிறப் பாகங்கள் தொழிற்சாலையிலேயே வருகின்றன. அவை தனிப் பாகங்கள். பின்புறம் பிளாஸ்டிக் கிளிப்புகளால் டாஷ்போட்டில் பூட்டப்பட்டிருக்கும். மரக்கோடு அந்தப் பாகத்தின் மேல் அச்சிடப்பட்டு, அதன் மேல் பளபளப்புப் பூச்சுப் போடப்பட்டிருக்கும். அதை உரிக்க முடியாது. ஒட்டியது என்று நினைத்துச் சூடு காட்டினால் பூச்சு பொங்கும்.

நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பிறகு ஒட்டிய பட்டை டாஷ்போட்டின் மட்டத்திலிருந்து 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை உயர்ந்து நிற்கும், ஓரம் உருண்டையாக இருக்கும். சுவிட்சுகளைச் சுற்றி இடைவெளி ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருக்கும். பாகங்கள் சேரும் பொருத்துக்கு அருகில் பட்டை சற்று முன்னதாகவே நின்றுவிடும். தொழிற்சாலைப் பாகம் பொருத்துக்குள்ளேயே போய் மறையும். இன்னும் சந்தேகம் என்றால் குளோவ் பொக்ஸைத் திறந்து பக்கவாட்டாகப் பாருங்கள். ஒட்டிய பட்டை என்றால் அதன் தடிப்பு அங்கே தெளிவாகத் தெரியும்.

ஒட்டியவற்றிலும் வகை உண்டு. மெல்லிய கார்பன் ஸ்டிக்கர் சூட்டில் துணி போல வளையும், எளிதில் வரும். கண்ணாடி போலக் குவிந்த ரெசின் பட்டை புதிதாக இருக்கும்போது வளையும்; சில வருட வெயில் பட்டபின் அப்பளம் போல நொறுங்கும். குரோம் வளையங்களும் தடித்த பிளாஸ்டிக் மூடிகளும் நுரை ரேப்பில் நிற்பவை. பாகங்களின் இடைவெளியில் செருகிய நிற நாடாக்களுக்குப் பசையே இல்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் வந்துவிடும்.

என்ன வேண்டும்

முதலில் தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல். திருகோணமலையில் இதைத் தேடி அலையத் தேவையில்லை, மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 0.5 அல்லது 0.6 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு மீற்றர் போதும். இதைவிட மெல்லியது பாதியில் அறும், தடித்தது ரேப்புக்குள் நுழையாது. 60 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் பென்சில் அளவு தடியைக் கட்டுங்கள். வெறுங்கையில் சுற்றி இழுத்தால் விரல் மடிப்பு வெட்டுப்படும்.

அடுத்தது ஹெயார் ட்றையர், 1200 முதல் 1800 வற்ஸ் வரை. ஹீற் கன் வேண்டாம். அதன் காற்று 300 பாகையைத் தாண்டும். டாஷ்போட்டில் அதிகம் பாவிக்கப்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 பாகைக்கு அண்மையிலேயே இளகத் தொடங்கும். கண்மூடித் திறப்பதற்குள் மினுக்கம் மாறிவிடும். ட்றையரைக் காரிலுள்ள சிறிய இன்வேட்டரில் ஓட்ட முடியாது, வீட்டு மின்சாரம்தான் வேண்டும். நீட்டிப்பு வயரைச் சுருளாக விட்டுப் பாவித்தால் வயரே சூடாகும், முழுவதையும் விரித்துவிடுங்கள்.

நெம்புவதற்கு உலோகம் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் ட்ரிம் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காலாவதியான வங்கி அட்டை, ஐஸ்கிறீம் குச்சி, ஓரம் சீவி மழுக்கிய மூங்கில் சிம்பு எல்லாம் வேலை செய்யும். இவற்றோடு மாஸ்கிங் ரேப் ஒரு சுருள், பாமசியில் கிடைக்கும் நிறமில்லாத சேர்ஜிக்கல் ஸ்பிரிட் 100 மில்லிலீற்றர், தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அரை லீற்றர் தண்ணீரில் நாலைந்து துளி பாத்திரம் கழுவும் திரவம், பழைய பெனியன் துணிகள், மென்மையான பல்துலக்கும் பிறஷ், மெல்லிய பொலித்தீன் தாள். ரெசின் பட்டை என்றால் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். நொறுங்கும் துண்டு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

தின்னர், அசிற்றோன், பெற்றோல் ஆகியவற்றைக் காருக்குள் கொண்டுவரவே வேண்டாம். தின்னரும் அசிற்றோனும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெற்றோல் அன்று ஒன்றும் செய்யாதது போல இருந்துவிட்டுப் பிறகு மயிரிழை வெடிப்புகளைக் காட்டும். அதன் ஆவியும் ட்றையரின் சிவந்த கம்பியும் ஒரே இடத்தில் இருப்பது உயிராபத்து. ஸ்பிரிட்டும் தீப்பற்றும். ட்றையர் வேலை முற்றாக முடிந்து, ஆறி, கதவுகள் எல்லாம் திறந்திருக்கும்போதே அதன் மூடியைத் திறவுங்கள்.

வெயிலும் உப்பும்

மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை, கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில், பாதி வேலையை வெயிலே செய்து தரும். கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போட் 70 பாகையைத் தொடக்கூடும். நுரை ரேப் இளகுவதற்கு 55, 60 பாகை போதும். ஆனால் அந்தச் சூட்டிலேயே கழற்றத் தொடங்கக் கூடாது. பட்டை மட்டுமின்றி டாஷ்போட்டும் முழுவதுமாக இளகியிருக்கும். பஞ்சு போன்ற மேல்தோல் கொண்ட டாஷ்போட்டில் நகம் பட்டாலே தடம் விழும். முற்பகலில் ஒரு மணித்தியாலம் வெயிலில் விட்டு, பிறகு மரநிழலுக்கு நகர்த்திக் கதவுகளைத் திறந்து கால் மணித்தியாலம் விடுங்கள். மேற்பரப்பு சற்று ஆறும், ரேப்புக்குள் சூடு நிற்கும். அதன்மேல் கழற்றும் இடத்துக்கு மட்டும் ட்றையர் பிடித்தால் போதும். மாரி மழைக் காலத்தில் முழுச் சூட்டையும் ட்றையர்தான் தரவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இரட்டிப்பு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊருக்கென்று இன்னொரு கவனம் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் வாகனங்களில் பட்டையின் ஓரத்து இடுக்கில் மெல்லிய மணலும் உப்பும் படிந்திருக்கும். ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஓரத்தை அழுத்தி இழுத்துப் பாருங்கள். பழுப்புக் கோடு ஒன்று ஏறும், அதற்குள் பொடிப்பொடியாக மின்னும். அப்படியே தங்கூசியை ஓட்டினால் அந்த மணல் நூலோடு சேர்ந்து டாஷ்போட்டை அரக்கும். உலர்ந்த பிறஷால் ஓரமெல்லாம் தட்டி, வெற்றிடக் கிளீனர் இருந்தால் உறிஞ்சி, சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு தரம் துடைத்து, துணியில் கறை ஏறுவது நிற்கும் வரைக்கும் விடாதீர்கள். பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். பிறகு தெரியும் கீறல்களில் பல இதனால்தான் வருகின்றன.

எயார்பாக், பற்றரி

இடப்பக்கப் பயணிக்கு முன்னால் எஸ்ஆர்எஸ் எழுத்துகள் உள்ள பகுதி எயார்பாக்கின் மூடி. சில வாகனங்களில் சாரதியின் முழங்காலுக்கு எதிரேயும் ஒன்று இருக்கும். அந்த மூடி, மெலிதாக்கிய ஒரு கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது. அதன் குறுக்கே ஒட்டிய கடினமான பட்டை, எயார்பாக் விரியும்போது முகத்தை நோக்கிப் பறக்கும். வேறு எதைக் கழற்றாவிட்டாலும் இதைக் கழற்ற வேண்டும். அங்கே நெம்பவே வேண்டாம், தங்கூசி மட்டும்.

மேற்பரப்பில் ஒட்டியதைக் கழற்றுவதற்குப் பற்றரியைக் கழற்றத் தேவையில்லை. சாவியை எடுத்து வைத்தால் போதும். சுவிட்ச் பலகையையோ ரேடியோ முகப்பையோ வெளியே எடுத்து வைத்துத்தான் வேலை செய்ய முடியும் என்றால் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது மூன்று நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள். எயார்பாக் அமைப்பில் சேமிப்பில் உள்ள மின்சாரம் வடிவதற்கான நேரம் அது. ஹைபிரிட் கார்கள் பலவற்றில் 12 வோல்ட் பற்றரி பின்பக்கம் இருக்கும். பின்கதவு மின்சாரத்தால் திறப்பது என்றால் அதை மூடிவிடாமல் வேலை செய்யுங்கள்.

பாவித்த கார் வாங்குபவர்களும் இந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும். விபத்தில் எயார்பாக் விரிந்த டாஷ்போட்டை ஒட்டுப்போட்டு, அதன் மேல் பட்டையோ உறையோ போட்டு மறைப்பது நடக்கிற காரியம். சாவியைத் திருப்பியவுடன் எயார்பாக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையாமல் நின்றாலும் பட்டையைத் தொடுவதற்கு முன் தெரிந்த மின்வேலைக்காரரிடம் காட்டுங்கள்.

தடித்த பட்டைகளைக் கழற்றுதல்

ஒரு முழு செற்றில் பதினைந்து இருபது துண்டுகள் இருக்கும். கண்ணில் படாத சின்னத் துண்டில் தொடங்குங்கள், குளோவ் பொக்ஸின் அடிப்பக்கம் போல. உங்கள் காரில் உள்ள ரேப் என்ன குணம், அடியில் உள்ள பெயின்ட் எவ்வளவு பிடிப்பு என்று அந்த ஒரு துண்டு சொல்லிவிடும்.

பட்டையைச் சுற்றி டாஷ்போட்டின் மேல் மாஸ்கிங் ரேப்பை இரண்டு அடுக்காக, விரலகலத்துக்கு ஒட்டுங்கள். காற்று வரும் வாய்களையும் முன்கண்ணாடி அடியில் உள்ள நீண்ட துவாரத்தையும் ஈரத்துணியால் மூடுங்கள். உள்ளே விழுந்த ரெசின் துண்டு பிறகு வருடக்கணக்கில் கடகடக்கும்.

ட்றையரை 10 முதல் 15 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், ஒரு சாண் நீளத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் ஓட்டுங்கள். காற்று பட்டையின் மேல் விழட்டும், டாஷ்போட்டின் மேல் வேண்டாம். விரலின் பின்பக்கத்தைப் பட்டையில் வையுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் சூடு போதும். வைத்தவுடனே சுட்டால் கூடிவிட்டது, அரை நிமிடம் ஆறவிடுங்கள்.

இப்போது ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எயார்பாக்குக்கும் ரேடியோத் திரைக்கும் தூரமான, பொருத்துக்குப் பக்கத்தில் உள்ள மூலை நல்லது. அட்டையின் முனையை அந்த மூலைக்கடியில் தட்டையாகத் தள்ளுங்கள், தூக்க வேண்டாம். 3 மில்லிமீற்றர் உள்ளே போனால் போதும், அந்த இடைவெளியில் தங்கூசி நுழையும். நூலைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, இரு கையாலும் இழுத்துப் பிடித்து, வாள் அறுப்பது போல இடமும் வலமும் ஓட்டுங்கள். ஒரு நொடிக்கு ஒரு இழுவை போதும். வேகமாக அறுத்தால் நைலோன் உராய்ந்து வரும் சூட்டிலேயே டாஷ்போட்டில் கோடு விழும்.

நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். எப்போதும் பட்டையின் அடியை உரசிக்கொண்டு போக வேண்டும். டாஷ்போட்டில் நுரை கொஞ்சம் தங்கினாலும் பரவாயில்லை, அதைப் பிறகு துடைக்கலாம். வெளிப்பக்கம் வளைந்த இடங்களில், உதாரணமாக கியர் பலகையின் தோளில், இறுக்கிய நூல் நடுவில் டாஷ்போட்டையே அழுத்தும். அங்கே கைகளை நெருக்கி, நூலின் நீளத்தை ஒரு சாணுக்குள் கொண்டுவந்து, கைகளைச் சற்று உயர்த்தி அறுங்கள். குழிந்த இடங்களில் நூல் அடியைத் தொடாமல் நேராகப் போய்விடும். அங்கே அட்டைதான் உதவும்.

ரேப் சரியாக இளகியிருந்தால் நூல் வெண்ணெய்க்குள் போவது போல ஒரே சீராக நகரும். கையில் நறநறப்பு வந்தால் மூன்றில் ஒன்று: சூடு குறைந்துவிட்டது, மணல் இருக்கிறது, அல்லது யாரோ இடையில் வேறு பசை போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் நிறுத்துவதே சரி. ஆறியிருந்தால் மறுபடி ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். அறுத்து முடிந்த பகுதி மீண்டும் ஒட்டாமல் இருக்க இடையில் ஐஸ்கிறீம் குச்சியைச் செருகிக்கொண்டே போங்கள். ஒரு சாண் நீளத் துண்டுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் எடுக்கும். முழு செற்றுக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். மாலைக்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் கடைசி இரண்டு துண்டை நெம்புவதைவிட, அவற்றை அடுத்த நாளைக்கு விடுவது நல்லது.

மெல்லிய ஸ்டிக்கர்

இதற்கு நூல் தேவையில்லை. சூடு காட்டி ஒரு மூலையை நகத்தால் தூக்கி, ஸ்டிக்கரைப் பின்னோக்கி மடித்து, டாஷ்போட்டோடு ஒட்டினாற்போல் படுக்கையாக இழுங்கள். நேராக மேலே இழுத்தால் ஸ்டிக்கர் கிழியும், பசை அடியில் தங்கும். வேகம் முக்கியம். மெதுவாக இழுக்கும்போது பசைக்கு வழிந்து விலக நேரம் கிடைக்கும். வெடுக்கென்று இழுத்தால் அதே பசை இறுகி, கீழே உள்ளதைப் பிடித்துக்கொண்டு வரும். பத்து நொடிக்கு ஒரு அங்குலம் என்பது நல்ல வேகம். ட்றையரை மற்றக் கையில் வைத்து, உரியும் கோட்டுக்குச் சற்று முன்னால் சூடு விழும்படி நகர்த்துங்கள். வருடக்கணக்கில் வெயில் குடித்த ஸ்டிக்கர் சிறு சிறு துண்டாகத்தான் வரும். அதற்கு வேறு வழி இல்லை, பொறுமையாக எடுக்க வேண்டியதுதான்.

மிச்சப் பசை

நுரை தங்கியிருந்தால் முதலில் பெருவிரலால் உருட்டுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளத் தள்ளப் புழு போலத் திரண்டு வரும். உருளாத இடத்தில் அகலமான பார்சல் ரேப்பை அழுத்தி ஒட்டி எடுத்தால் நுரையும் சேர்ந்து வரும். பெயின்ட் பூசிய பாகத்தில் பார்சல் ரேப் வேண்டாம். பென்சில் அழிறப்பரும் நன்றாக வேலை செய்யும், சொரசொரப்பில்லாத பரப்பில் மட்டும்.

பிறகு இருப்பது மெல்லிய ஒட்டல். அது எந்த வகை என்று தெரிந்தால் எதை வைத்துத் துடைப்பது என்றும் தெரியும். மஞ்சளாகி, சூயிங்கம் போல நூல் நூலாக இழுபட்டால் அது றப்பர் பசை, மலிவான வெள்ளை நுரை ரேப்புகளில் வருவது. தேங்காய் எண்ணெய் அதைக் கரைத்துவிடும். நிறமின்றி அல்லது சாம்பல் நிறத்தில் இறுக்கமாக இருந்தால் அக்ரிலிக் பசை, சிவப்புத் தாளோடு விற்கும் நல்ல ரேப்புகளில் இருப்பது. அதற்கு எண்ணெய் அவ்வளவாக ஏறாது, ஸ்பிரிட்தான்.

எண்ணெய் என்றால் பஞ்சில் தொட்டுப் பூசி, பொலித்தீன் தாளால் மூடி, இருபது நிமிடம் விட்டு, துணியால் வழித்தெடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தரம் துடையுங்கள். ஸ்பிரிட்டை நேரே டாஷ்போட்டில் ஊற்றக் கூடாது, சுவிட்சுக்குள் இறங்கும். துணியை நனைத்து, பசையின் மேல் வைத்து, தாளால் மூடி இரண்டு நிமிடம் விடுங்கள். கச்சான் காற்றில் மூடாத ஸ்பிரிட் பசைக்குள் இறங்குவதற்கு முன்பே பறந்துவிடும். பிறகு ஒரே திசையில் துடையுங்கள். தோல் போலக் கோடு போட்ட டாஷ்போட்டில் துணி பள்ளங்களுக்குள் போகாது. அங்கே பிறஷில் ஸ்பிரிட் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் மங்கிய பரப்பு மினுங்கத் தொடங்கும், அந்த மினுக்கத்தை மீண்டும் மங்க வைப்பது கடினம்.

எதையும் தொடுவதற்கு முன் மறைவான இடத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்துப் பாருங்கள். மீற்றர் கண்ணாடி, கியர் எழுத்துகள் தெரியும் சிறிய ஜன்னல், ரேடியோத் திரை ஆகிய மூன்றுக்கும் ஸ்பிரிட் ஆகாது. அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் அது மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். அங்கே சவர்க்காரத் தண்ணீரும் பொறுமையும் மட்டும்.

சாமிச் சிலை, ஃபோன் பிடிகள்

டாஷ்போட்டின் நடுவில் ஒட்டிய பிள்ளையார், மாதா சிலை, குர்ஆன் ஆயத்துப் பலகை போன்றவற்றின் அடி பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. முறுக்கி எடுக்கலாம் என்று தோன்றும். முறுக்கினால் சிலையின் கழுத்துத்தான் முதலில் போகும், அல்லது மென்மையான மேல்தோல் வட்டமாகக் கிழியும். சூடு காட்டி, தங்கூசியை அடியைச் சுற்றி ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரும்வரை அறுத்தால், இரண்டு நிமிடத்தில் கையோடு வரும். ஃபோன் பிடிகளின் ஜெல் அடிக்குச் சூடு வேண்டாம், சூட்டில் அது இன்னும் ஒட்டும். ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீரைச் சொட்டி, அட்டையால் மெல்லத் தள்ளுங்கள்.

சுப்பர் குளூ போட்டு ஒட்டியிருந்தால் கதை வேறு. ஓரத்தைச் சுற்றி வெண்மையான புகை படிந்தது போலத் தெரியும், பசை கண்ணாடி போலக் கெட்டியாக இருக்கும். அதைக் கரைக்கும் அசிற்றோன் டாஷ்போட்டையும் கரைக்கும் என்பதால் இங்கே கெட்டிக்காரத்தனம் உதவாது. சுற்றியுள்ள பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, அந்தப் புள்ளியில் மட்டும் பட்டையைச் சிறிது சிறிதாகச் சீவிக் குறையுங்கள். பசைத் தடம் கொஞ்சம் மிஞ்சும். அதை மறைக்கப் புதிதாக ஒன்றை ஒட்டுவது, டாஷ்போட்டைக் கீறுவதைவிடக் குறைந்த நட்டம்.

தவறும் இடங்கள்

பெயின்ட் தூக்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். தூக்கிய பட்டையை மீண்டும் படுக்கவைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வாருங்கள். தூக்கிய செதில் பெரும்பாலும் தன் இடத்திலேயே தங்கும். தொட்டால் வெல்வெற் போல இருக்கும் றப்பர்ப் பூச்சுள்ள டாஷ்போட்டுகள் இதில் மிக மோசம். அந்தப் பூச்சு சூட்டிலும் ஈரக் காற்றிலும் வருடக்கணக்கில் சிதைந்து பிசுபிசுப்பாகும். கடலோரத்தில் இன்னும் கெதியாக. பட்டைக்கு வெளியே உள்ள பூச்சை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் ஒட்டினால், பட்டையோடு பூச்சும் வரும் என்று தெரிந்துகொண்டே தொடங்குங்கள். முழுப் பாகத்துக்கும் மறுபெயின்ட் அடிக்கும் செலவுக்குத் தயாராக இல்லாவிட்டால் பட்டையை விட்டுவிடுவதே மேல்.

பிளாஸ்டிக் வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு தோன்றினால் ட்றையரை 10 சென்ரிமீற்றரில் பிடித்து அரை நிமிடம் சூடு காட்டுங்கள், பெரும்பகுதி மங்கிவிடும். நிற வேறுபாடு அப்படி மறையாது. பட்டைக்கு அடியில் வெயில் படாத பகுதி கறுப்பாகவும் சுற்றியுள்ள பகுதி வெளுத்தும் இருக்கும். துடைத்து எடுக்க அங்கே அழுக்கு எதுவும் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும், தண்ணீரில் கலந்த டாஷ்போட் பூச்சை ஒரு நாள் கழித்துப் பூசினால் வேறுபாடு குறைந்து தெரியும். எண்ணெய்ப் பளபளப்புள்ள சிலிக்கோன் பூச்சு வேண்டாம், நண்பகலில் அதன் ஒளி முன்கண்ணாடியில் தெறித்து எதிரே வரும் வாகனத்தை மறைக்கும்.

பட்டையை எடுத்தபின் வெடிப்போ ஆணித் துளையோ தெரிந்தால் அது நீங்கள் செய்ததல்ல. முன்பிருந்தவர் அதை மறைக்கத்தான் பட்டை ஒட்டியிருப்பார். அதனால் கழற்றிய துண்டுகளை உடனே எறியாதீர்கள். கண்ணாடித் தட்டில் படுக்கவைத்து, பின்புறம் பசையை நீக்கி, எந்த இடத்துக்குரியது என்று எழுதி வையுங்கள்.

மறுபடி ஒட்டுவதாக இருந்தால், அல்லது புதிதாக ஒட்டிய பட்டை கோணலாக அமைந்துவிட்டால், நேரக் கணக்கு ஒன்று உண்டு. நல்ல அக்ரிலிக் நுரை ரேப் அறைவெப்பத்தில் 20 நிமிடத்தில் ஏறத்தாழப் பாதிப் பலத்தையும், 24 மணித்தியாலத்தில் பத்தில் ஒன்பது பங்கையும், 72 மணித்தியாலத்தில் முழுப் பலத்தையும் அடையும். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்னும் விரைவு. கோணல் என்று தெரிந்தால் அந்த முதல் சில நிமிடத்துக்குள்ளேயே, நிழலில் வைத்து, தங்கூசியால் எடுத்துவிடுங்கள். சூடுகூடத் தேவைப்படாது. எடுத்த ரேப்பை மறுபடி பாவிக்காமல் புதியது போட்டு, ஸ்பிரிட்டும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்துக் காய்ந்த பரப்பில், நடுவிலிருந்து ஓரத்துக்கு அரை நிமிடம் அழுத்தி ஒட்டுங்கள். மூன்று நாளைக்கு அதன்மேல் ஈரத்துணி படவேண்டாம்.